காரைக்கால் – பேரளம் ரயில் பாதை: செலவும் அரசியலும்

காரைக்கால் – பேரளம் ரயில் பாதை, காவிரிக் கழிமுகத்தில் உள்ள காரைக்கால் நகரைத் திருவாரூர் மாவட்டத்தின் பேரளத்தோடு இணைக்கும் ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப்பாதையாகும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் மீட்டர் கேஜ் பாதையாக 1898இல் திறக்கப்பட்டது. 1980களில் மூடப்பட்டுத் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து அதே தடத்தில் மின்மயமான அகலப்பாதையாக மீண்டும் அமைக்கப்பட்டது.

நீளத்தால் சிறிய இந்தப் பாதை, பொதுப் போக்குவரத்து வரலாற்றின் நிலையான ஒரு கேள்வியைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பாதையை அடுத்த ஊருக்கு நீட்டும்போது செலவை யார் ஏற்பது, பயனை யார் கணக்கிடுவது என்பதே அந்தக் கேள்வி. இன்று சென்னை போன்ற பெருநகரங்களில் மெட்ரோ நீட்டிப்பு குறித்து நடக்கும் விவாதங்களிலும் இதே கேள்வியே எழுகிறது.

அமைவிடமும் எல்லையும்

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டம். ஆனால் புதுச்சேரி நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், கிழக்கே வங்கக் கடலும் மற்றத் திசைகளில் தமிழ்நாட்டின் மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் சூழ அமைந்துள்ளது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 2,00,222.

இந்த அமைப்பு 18ஆம் நூற்றாண்டில் உருவானது. தஞ்சை மராத்திய அரசிடமிருந்து 1739இல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றனர். ஆங்கிலேயர் பலமுறை கைப்பற்றியபின் 1817இல் அது இறுதியாகப் பிரெஞ்சு ஆட்சிக்குத் திரும்பியது. அதன்பின் சுற்றியுள்ள தஞ்சாவூர் மாவட்டம் முழுவதும் ஆங்கிலேயர் வசமும், நடுவிலிருந்த காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமும் இருந்தன. வயலும் வாய்க்காலும் உறவும் ஒன்றாயிருந்தாலும் ஆட்சியும் சுங்கமும் வேறு. எனவே காரைக்காலிலிருந்து மேற்கே எந்தப் பாதை போடுவதென்றாலும் இரண்டு அரசுகளின் இசைவு தேவைப்பட்டது.

தஞ்சை வட்டாரத்தில் ரயிலின் வருகை

தஞ்சைக் கழிமுகத்திற்கு ரயில் முதலில் வந்தது காரைக்காலுக்குத் தெற்கே உள்ள நாகப்பட்டினம் வழியாக. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற நிறுவனம் 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரையிலும், 1862இல் திருச்சிராப்பள்ளி வரையிலும் பாதை அமைத்தது. 1874இல் இந்நிறுவனம் கர்நாடிக் ரயில்வேயுடன் இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. தொடக்கத்தில் அகலப்பாதையாக இருந்த இந்தத் தடம் 1875இல் மீட்டர் கேஜாக மாற்றப்பட்டது.

இதனால் இரண்டு அண்டைத் துறைமுகங்களின் நிலை மாறியது. நாகப்பட்டினத்தில் உள்நாட்டு நெல்லும் துணியும் ரயிலில் கடற்கரைக்கு வந்தன. காரைக்காலோ ஆற்றுத் தோணியையும் மாட்டு வண்டியையும் நம்பியிருந்தது. காரைக்காலின் முதன்மைக் கடல் வணிகம் இலங்கைக்கு அரிசி அனுப்புவது. ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் போன்ற பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிய துறையாகவும் அது இருந்தது. பிரிட்டிஷ் இந்திய அரசு 1880களில் அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது. அதன்பின் துறைமுகத்திற்கு வணிகச் சரக்கே பெருந்துணை. அந்தச் சரக்கு சுற்றியுள்ள தஞ்சாவூர் மாவட்டத்தின் வயல்களிலிருந்துதான் வரவேண்டும்.

புதுச்சேரி நகருக்கு ரயில் முன்னதாகவே கிடைத்தது. 1878இல் பிரெஞ்சு, பிரிட்டிஷ் அரசுகளுக்கிடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி விழுப்புரம் – புதுச்சேரி பாதை 1879இல் திறக்கப்பட்டது. காரைக்கால் மேலும் 19 ஆண்டுகள் காத்திருந்தது. பிரெஞ்சு இந்தியாவின் வரவு செலவை விவாதித்த பொது மன்றம் கூடியது புதுச்சேரியில். தலைநகரின் தேவைக்கும் தொலைவிலிருந்த பகுதியின் தேவைக்கும் இருந்த இந்த இடைவெளி பிற்காலத்திலும் தொடர்ந்தது.

மாவட்டக் கழகத்தின் பாதை

காரைக்காலுக்கு ரயில் வரக் காரணமாக அமைந்தது தஞ்சாவூர் மாவட்டக் கழகம் அமைத்த பாதை. மாவட்டத்தின் கிழக்கு, தெற்குப் பகுதிகளுக்கு ரயில் வேண்டுமென்று கருதிய கழகம், நிலவரியுடன் சேர்த்து வசூலிக்கப்பட்ட தலத் தீர்வையில் ரயில் பாதைக்கென்றே ஒரு பங்கைச் சேர்த்துவைத்தது. அந்த நிதியைக் கொண்டு மாயவரம் – முத்துப்பேட்டை பாதை அமைக்கப்பட்டு 1894இல் திறக்கப்பட்டது. பாதையின் உரிமை மாவட்டக் கழகத்திடம் இருந்தது. வண்டிகளை ஓட்டும் பொறுப்பைத் தென்னிந்திய ரயில்வே ஏற்றது.

உள்ளூர் ஆட்சி அமைப்பு ஒன்று தன் மக்களிடம் தீர்வை வாங்கி ரயில் பாதைக்கு உரிமையாளரானது இந்தியாவில் முன்னோடியான முயற்சி. செலவை ஏற்றவர்களும் பயன்பெற்றவர்களும் பெரும்பாலும் ஒரே மக்களாக இருந்தனர். நிலம் வைத்திருந்த மிராசுதாரர் தீர்வை கட்டினார். அவருடைய நெல்லே அந்த ரயிலில் சந்தைக்குப் போனது.

இந்தப் பாதையில் மாயவரத்துக்கும் திருவாரூருக்கும் இடையே உள்ள நிலையம் பேரளம். அங்கிருந்து கிழக்கே காரைக்கால் ஏறத்தாழ 23 கிலோமீட்டர்.

1898: மூன்று கருவூலங்கள் சந்தித்த நிலையம்

பேரளத்திலிருந்து காரைக்கால் வரையிலான மீட்டர் கேஜ் பாதை 1898 மார்ச் மாதம் திறக்கப்பட்டது. இதன் உரிமை பிரெஞ்சு அரசைச் சேர்ந்தது. ஆனால் தனியாக எஞ்சினும் பெட்டிகளும் பணியாளர்களும் வைத்து இத்தனை சிறிய பாதையை நடத்துவது கட்டுப்படியாகாது. எனவே இங்கும் வண்டி ஓட்டும் பொறுப்பு தென்னிந்திய ரயில்வேயிடம் ஒப்படைக்கப்பட்டது.

இவ்வாறு பேரளம் என்ற சிறிய நிலையத்தில் மூன்று வேறு முதலாளிகளின் பணம் சந்தித்தது. மாயவரம் – முத்துப்பேட்டைத் தடம் மாவட்டக் கழகத்தின் சொத்து. காரைக்கால் கிளை பிரெஞ்சு அரசின் சொத்து. எஞ்சின், பெட்டி, கால அட்டவணை ஆகியவை லண்டனில் பதிவான நிறுவனத்தின் பொறுப்பு. திருநள்ளாற்றுக்குச் சீட்டு வாங்கிய பயணிக்கு இது தெரியவேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு சீட்டின் வருவாயும் இந்த மூன்று தரப்பும் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி பிரிக்கப்பட்டது.

பாதை பிரெஞ்சு எல்லைக்குள் மட்டும் ஓடவில்லை. அதன் மேற்குப் பகுதி பிரிட்டிஷ் நிலத்தில் இருந்தது. அயல் நாட்டு மண்ணில் ஓடும் பாதைக்கும் சேர்த்து பிரெஞ்சு அரசு செலவிட்டதற்குக் காரணம் துறைமுகம். 1901இல் காரைக்கால் பகுதியின் மக்கள்தொகை 56,595 மட்டுமே. இத்தனை பேரின் பயணச்சீட்டை நம்பி ஒரு பாதை போடமுடியாது. தஞ்சை நெல் காரைக்கால் துறைக்கு வரும், அதனால் சுங்கமும் வணிகமும் பெருகும் என்ற எதிர்பார்ப்பே முதலீட்டின் அடிப்படை.

இதே காலத்தில், 1890களின் இறுதியில், நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே நாகூர் வரை பாதை நீட்டப்பட்டது. நாகூர் தர்காவுக்கு வரும் பயணிகளுக்கு அது பெரிதும் பயன்பட்டது. நாகூரிலிருந்து காரைக்கால் ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான். ஆனால் பாதை அங்கேயே நின்றது. அதற்கு வடக்கே பிரெஞ்சு எல்லை. நாகப்பட்டினமும் காரைக்காலும் ஒரே சரக்குக்குப் போட்டியிட்ட துறைமுகங்கள். அந்தப் பத்து கிலோமீட்டர் இடைவெளி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே இருந்தது.

எல்லை கடந்த வண்டி: 1898 முதல் 1954 வரை

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பேரளம் – காரைக்கால் வண்டி நாள்தோறும் ஒரு பேரரசிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று வந்தது. காரைக்கால் மாணவர்களும் வணிகர்களும், சனீசுவரன் சந்நிதிக்காகத் திருநள்ளாறு செல்லும் பக்தர்களும் அதில் பயணம் செய்தனர்.

பின்னர் ஒவ்வொரு உரிமையாளரும் மாறினர். 1944இல் தென்னிந்திய ரயில்வே நிறுவனத்தை இந்திய அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. 1947இல் இந்தியா விடுதலை பெற்றதும், சுதந்திர நாட்டின் ரயில்வே ஒன்று பிரெஞ்சு ஆட்சிப் பகுதிக்குள் வண்டி ஓட்டும் நிலை ஏற்பட்டது. 1941இல் ஏற்பட்டிருந்த சுங்க ஒன்றியம் 1949இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் பிரெஞ்சுப் பகுதிகளுக்குள் பொருள்கள் செல்வதற்கு இந்திய அரசு கட்டுப்பாடுகள் விதித்தது. 1951இல் தெற்கு ரயில்வே உருவானது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவளித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான முழு மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவுற்றது. இதனால் ரயில் பாதையும் முழுமையாக இந்திய ரயில்வேயின் பகுதியாயிற்று.

எல்லைச் சிக்கல் தீர்ந்தாலும் பாதைக்கு இருந்த தனிப் பாதுகாவலரும் இல்லாமற்போனார். பிரெஞ்சு அரசுக்கு இது தன் துறைமுகத்தின் ஒரே ரயில் பாதை. இந்திய ரயில்வேக்கோ நாடெங்கும் உள்ள நூற்றுக்கணக்கான சிறு கிளைகளில் ஒன்று.

பாதை மூடப்படுதல்

1960களுக்குப் பின் ரயில்வே தன் கிளைப்பாதைகளின் வரவு செலவைத் தனித்தனியே ஆராயத் தொடங்கியது. 1969இல் இதற்கென்றே இழப்புள்ள கிளைப்பாதைகள் குறித்த குழு அமைக்கப்பட்டது. இதே காலத்தில் சாலைப் போக்குவரத்து விரிவடைந்தது. 1972இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. பேருந்து கடைத்தெரு வரை வந்தது, அடிக்கடியும் கிடைத்தது. நாளுக்குச் சில முறை மட்டும் ஓடிய மீட்டர் கேஜ் வண்டியால் அதற்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

கிளைப்பாதையின் இழப்பைக் கணக்கிடும் முறையிலேயே ஒரு சிக்கல் உண்டு. காரைக்காலில் ஏறி மாயவரம் வழியாகச் சென்னை செல்லும் பயணியின் கட்டணத்தில் பெரும்பகுதி முதன்மைப் பாதையின் கணக்கில் சேரும். முதல் 23 கிலோமீட்டருக்கான சிறு தொகையே கிளையின் வருவாயாகும். நிலையப் பணியாளர், கேட் காவலர், தண்டவாளப் பராமரிப்பு ஆகிய செலவுகளோ முழுமையாகக் கிளையின் பெயரில் எழுதப்படும். கிளை மூடப்பட்டால் முதன்மைப் பாதையும் அந்தப் பயணியை இழக்கும். இழப்பு அட்டவணையில் அது தெரியாது.

1980களில் பேரளம் – காரைக்கால் பாதையில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 1926இல் திறக்கப்பட்ட மாயவரம் – தரங்கம்பாடிக் கிளையும் அதே பத்தாண்டில், 1986இல் மூடப்பட்டது. கழிமுகத்தின் இரண்டு பழைய ஐரோப்பியத் துறைமுக நகரங்கள் ஒரே சமயத்தில் ரயிலை இழந்தன. 1992இல் ரயில்வே ஒரே அகலப்பாதைத் திட்டத்தை மேற்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த மீட்டர் கேஜ் பாதைகளே அகலப்படுத்தலுக்குப் போட்டியிட்டன. மூடிய பாதைக்கு அந்த வரிசையிலும் இடமில்லை.

தெற்கிலிருந்து வந்த அகலப்பாதை

காரைக்காலுக்கு ரயில் திரும்பியது மேற்கிலிருந்து அல்ல, தெற்கிலிருந்து. நாகூர் – காரைக்கால் இடையே விடுபட்டிருந்த ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் அகலப்பாதை அமைக்கப்பட்டு 2011 டிசம்பரில் திறக்கப்பட்டது.

இந்த முறையும் துறைமுகமே முதன்மைக் காரணங்களுள் ஒன்று. வாஞ்சூர்ப் பகுதியில் தனியார் முதலீட்டில் அமைந்த காரைக்கால் துறைமுகம் 2009இல் செயல்படத் தொடங்கியது. அதன் முக்கியச் சரக்கு வெளிநாட்டிலிருந்து வரும் நிலக்கரி. அதை உள்நாட்டு மின்நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் லாரியில் கொண்டுசெல்வது கடினம். சரக்கு ரயில் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ரயில் கொண்டுவந்த நெல் இங்கே கப்பலேறியது. 21ஆம் நூற்றாண்டில் இங்கே இறங்கிய நிலக்கரியை ரயில் உள்நாட்டுக்குக் கொண்டுசென்றது. சரக்கின் திசை மாறியபோதும் பாதைக்கான பொருளாதார நியாயம் மாறவில்லை. ஆனால் சுமையின் பங்கீடு மாறியது. நிலக்கரித் தூசு குறித்து நாகூர், வாஞ்சூர் வட்டார மக்கள் தொடர்ந்து முறையிட்டு வந்தனர். அந்தச் சுமை எந்த வரவு செலவுக் கணக்கிலும் ஏறவில்லை.

பயணிகளுக்கும் இது அரைத் தீர்வாகவே இருந்தது. மயிலாடுதுறை – திருவாரூர் பாதை 2012இல் அகலப்பாதையானது. அந்த வழியே சென்னையிலிருந்து காரைக்காலுக்கு வரும் வண்டி பேரளத்தைத் தொட்டு, அங்கிருந்து திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர் என்று 60 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிவரவேண்டும். நேரே சென்றால் 23 கிலோமீட்டர்.

மீட்டெடுப்பும் செலவு விவாதமும்

பேரளம் பாதையை மீட்கவேண்டும் என்ற கோரிக்கைக்கு மூன்று வாதங்கள் முன்வைக்கப்பட்டன. முதலாவது, சுற்றுவழி தவிர்க்கப்படும். இரண்டாவது, சரக்கு வண்டிகளுக்கு மற்றொரு வழி கிடைத்து நாகப்பட்டினம் – திருவாரூர்த் தடத்தின் நெரிசல் குறையும். மூன்றாவது, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்கொரு முறை வரும் சனிப்பெயர்ச்சியன்று திருநள்ளாற்றில் இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். சனிக்கிழமைகளிலும் கூட்டம் மிகுதி.

எதிர்வாதம் வருவாய் குறித்தது. புதிய பாதைக்கு ஆண்டுக்கு 14 விழுக்காடு ஈட்டு விகிதம் வேண்டும் என்பது ரயில்வே நெடுங்காலம் கடைப்பிடித்த அளவுகோல். சிறு கிளைகளில் மிகச் சிலவே இதை எட்டும். பிராந்திய வளர்ச்சி, துறைமுக இணைப்பு போன்ற காரணங்களைக் காட்டியே அவை அனுமதி பெறுகின்றன.

அரசியல் அமைப்பும் காரைக்காலுக்குச் சாதகமாக இல்லை. புதுச்சேரிச் சட்டமன்றத்தின் 30 தொகுதிகளில் காரைக்காலுக்கு 5 மட்டுமே. மக்களவையில் ஒன்றியப் பகுதி முழுவதற்கும் ஒரே உறுப்பினர். பாதை முடியும் பேரளமோ தமிழ்நாட்டில் உள்ளது. அந்தத் தொகுதியின் மக்களவை உறுப்பினர் வேறொருவர். வண்டிகளை இயக்குவது தெற்கு ரயில்வேயின் திருச்சிராப்பள்ளிக் கோட்டம். இவ்வாறு பொறுப்பு பல இடங்களில் சிதறியிருந்ததால், திட்டம் 2010களில் அனுமதி பெற்ற பின்னும் ஆண்டு ஒதுக்கீடு சிறிது சிறிதாகவே வந்தது. ஒரு திட்டம் பட்டியலில் இடம்பெறுவதும் அதற்குப் பணம் ஒதுக்கப்படுவதும் வெவ்வேறு நிகழ்வுகள். இடைப்பட்ட ஆண்டுகளில் இரும்பு, சிமெண்ட், கூலி ஆகியவற்றின் விலை ஏற, மதிப்பீடும் உயர்ந்து 300 கோடி ரூபாயைத் தாண்டியது.

பழைய தடத்தைப் பெரும்பாலும் ஒட்டியே புதிய பாதை அமைந்தது. அம்பகரத்தூர், பத்தக்குடி, திருநள்ளாறு ஆகிய நிலையங்கள் இதில் உள்ளன. 2025இல் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் பாதையை ஆய்வு செய்தார்.

தரங்கம்பாடிக் கிளைக்கு இந்த வாய்ப்பு இதுவரை கிட்டவில்லை. அங்கும் பழைய தடம் உண்டு, மக்களின் கோரிக்கையும் உண்டு. ஆனால் சரக்கு ரயிலை நிரப்பும் துறைமுகம் அங்கில்லை. இரண்டு கிளைகளின் வேறுபட்ட முடிவுக்கு இதுவே பெருங்காரணம்.

நகர மெட்ரோவுடன் ஒப்பீடு

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர் நீளத்தில் 63,246 கோடி ரூபாய் மதிப்பீட்டில் திட்டமிடப்பட்டது. சராசரியாகக் கிலோமீட்டருக்கு 530 கோடி ரூபாய்க்கு மேல். காரைக்கால் – பேரளம் பாதை முழுவதற்கும் ஆன செலவு இதில் ஒரு கிலோமீட்டரின் செலவைவிடக் குறைவு. சுரங்கம் தோண்டுவதும் உயர்பாலம் கட்டுவதும் செலவு மிக்கவை. அவற்றில் நாள்தோறும் பயணம் செய்வோரும் மிகப் பலர். ஆகவே தொகைகளை மட்டும் வைத்து ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்த இயலாது. ஒப்பிடத் தக்கது கணக்கிடும் முறை.

2017ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கை, திட்டங்களை மதிப்பிடும் அளவுகோலை மாற்றியது. அதற்குமுன் கட்டண வருவாய் முதலியவற்றை அடிப்படையாகக் கொண்ட நிதி ஈட்டு விகிதம் 8 விழுக்காடாக இருக்கவேண்டும் என்பது விதி. புதிய கொள்கையில் பொருளாதார ஈட்டு விகிதம் 14 விழுக்காடு என்று ஆனது. மிச்சமாகும் பயண நேரம், குறையும் எரிபொருள், குறையும் விபத்து ஆகியவையும் இதில் பயனாகக் கணக்கிடப்படும். பயணச்சீட்டுக்கு வெளியே உள்ள பயனும் பயனே என்று அரசு இதன்வழி ஏற்றுக்கொண்டது. 1980களில் காரைக்கால் கிளை இவ்வாறு அளக்கப்படவில்லை.

செலவுப் பங்கீட்டிலும் ஒற்றுமை உண்டு. சென்னை இரண்டாம் கட்டப் பணிக்கு 2020இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆயினும் 2024 அக்டோபர் 3 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளிக்கும்வரை அது மாநில அரசின் திட்டமாகவே கருதப்பட்டு, செலவின் பெரும்பகுதி மாநிலத்தின் மேல் இருந்தது. ஒப்புதலுக்குப் பின், கடன்கள் உட்பட ஏறத்தாழ 65 விழுக்காட்டுச் செலவுக்கு மத்திய அரசு நிதியளிக்கும் என்று அறிவிக்கப்பட்டது. பாதையின் வரைபடம் மாறவில்லை. யாருடைய கணக்கில் கடன் நிற்கும் என்பதே நான்கு ஆண்டு விவாதத்தின் பொருளாக இருந்தது.

மதிப்பீடு

காரைக்கால் பாதையின் வரலாற்றில் மூன்று வகையான முதலீடுகளைக் காணலாம். மாவட்டக் கழகம் தன் மக்களின் தீர்வையில் பாதை போட்டது. பிரெஞ்சு அரசு தன் துறைமுகத்துக்காகப் பாதை போட்டது. இந்திய ரயில்வே தேசிய வரவு செலவிலிருந்து பாதை போட்டது. முதல் இரண்டிலும் பணம் கொடுத்தவர் அருகில் இருந்தார். பாதை பழுதானால் முதலில் பாதிக்கப்படுபவரும் அவரே. மூன்றாவதில் பணம் மிகுதியாகக் கிடைத்தது. ஆனால் முடிவெடுக்கும் இடம் தொலைவில் இருந்தது. 1980களில் பாதை எளிதாக மூடப்பட்டதற்கும், மீட்கப்பட இத்தனை காலம் ஆனதற்கும் இதுவே விளக்கம்.

பாதையை மூடியபோது மிச்சமான தொகை ஆண்டுதோறும் சிறிதளவே. மீண்டும் போட 300 கோடிக்கு மேல் தேவைப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை மாணவர்களும் நோயாளிகளும் வணிகர்களும் பேருந்தில் மாறி மாறிப் பேரளத்துக்கும் மயிலாடுதுறைக்கும் சென்றனர். மூடும் முடிவை எடுத்த கணக்கில் அந்த மக்களின் நேரமும் மீட்புச் செலவும் இடம்பெறவில்லை. தரங்கம்பாடி போன்று இன்னும் காத்திருக்கும் கிளைகளை மதிப்பிடும்போது இவ்விரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்குக் காரைக்கால் நல்ல சான்றாக உள்ளது.